எழ மறுத்த சேவையகம்

நுழையும்முன்

கணினியில் ஏதேனும் ஒன்று இயங்காவிட்டால் அதனை அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். விளையாட்டு நிரலுக்கு அது பொருந்தலாம். பிறருடைய உழைப்பின் கணக்கைத் தாங்கி நிற்கும் தரவுத்தளத்திற்கு அது பொருந்துமா? மின்தடைக்குப் பின் எழ மறுக்கும் ஒரு சேவையகத்தின் முன் அமர்ந்து, அது என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் படிக்க முயல்கிறது இப்பாடம்.

நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி வெண்ணந்தூர். தறியோசை கேட்கும் ஊர். விசைத்தறிக் கூடத்தினுள் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நாடா இங்குமங்கும் விரைந்து ஓடும்போது ஊடையிழை அறுந்துபோனால், யாரும் கைவைக்காமலேயே தறி நின்றுவிடும். இழை வந்து சேர்ந்ததா என்று ஒவ்வோர் ஓட்டத்திலும் தொட்டுப் பார்க்கும் முள்கரண்டி போன்ற சிறு உறுப்பு ஒன்று தறியின் ஓரத்தில் உண்டு. இழை இல்லையென்று கண்டவுடன் அது ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. பழகிய தறிக்காரர் உடனே விசையைத் தட்டிவிடுவதில்லை. இழை அறுந்த இடத்தைப் பார்க்கிறார். துணியைச் சற்றே பின்னுக்குத் திருப்புகிறார். விடுபட்ட வரிக்கு வந்து, புதிய இழையைக் கொடுத்த பிறகே ஓட்டுகிறார். அவ்வாறு செய்யாவிட்டால் துணியின் குறுக்கே ஓர் இடைவெளி விழும். விற்ற சேலை திரும்பிவரும்.

தறி நின்றதற்குக் காரணம், குறையுள்ள துணியை நெய்யக் கூடாது என்பதே. தரவுத்தளச் சேவையகம் எழ மறுப்பதும் பெரும்பாலும் இத்தகைய நிற்றல்தான். அதனை வலிந்து எழுப்ப முயல்வதற்கு முன், எந்த இழை அறுந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மாலை

பின்வரும் காட்சியை மனத்தில் கொள்வோம். வெண்ணந்தூரில் பன்னிரண்டு விசைத்தறிகள் கொண்ட கூடம் ஒன்று. அதன் உரிமையாளருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி நிரல்மொழியையும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையும் கற்ற அவள், தந்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த தறிக்கணக்கை வீட்டுக் கணினிக்கு மாற்றியிருக்கிறாள். யார் எத்தனை சேலை நெய்தார், அதற்குக் கூலி எவ்வளவு, வாங்கிய முன்பணத்தில் நிலுவை எவ்வளவு என்னும் மூன்று செய்திகளே அக்கணக்கின் சாரம். இவற்றுள் மூன்றாவது மிகவும் கனமானது. முன்பணம் என்பது மகளின் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ மொத்தமாக வாங்கி, வாரக் கூலியில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும் கடன். அந்த எண்ணில் பிழை நேர்ந்தால், ஒரு குடும்பம் கட்டிய கடனையே மறுபடியும் கட்ட நேரும்.

சனிக்கிழமை மாலை. கூலிக்கணக்குப் பாதியில் இருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. கணினிக்குத் துணையாக வைத்திருந்த யுபிஎஸ் பெட்டியின் மின்கலம் செயலிழந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. அரைமணி நேரம் கழித்து மின்சாரம் வருகிறது. தறிகள் ஓடத் தொடங்குகின்றன. கணினியும் எழுகிறது. தரவுத்தளம் மட்டும் எழவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் தொடக்கப் பொத்தானை அழுத்தினால், சில நொடிகள் இயங்குவதுபோல் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. பலகையின் கீழ்ப்பகுதியில் சில வரிகள் விரைந்து ஓடுகின்றன. பதற்றத்தில் அவள் அவற்றைக் கவனிக்கவில்லை.

வாசலில் நெசவாளர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுள் மூத்தவரான அம்மையார் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, எங்கணக்கு அதுக்குள்ள பத்திரமா இருக்குதா?" என்று கேட்கிறார். அலைபேசியில் அண்ணனின் நண்பர், "டேட்டா ஃபோல்டர அழிச்சிட்டுப் புதுசாப் போடும்மா, அஞ்சு நிமிசத்துல ஓடும்" என்கிறார்.

அவர் சொல்வதில் பொய்யில்லை. ஐந்து நிமிடத்தில் ஓடும். பாவு ஏற்றாத தறியும் ஓடத்தான் செய்யும்.

பிழையைச் சொல்வது யார்?

சேவையகம் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையில் வரிசையாக நிற்கும் பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வரலாம். உண்மையில் சேவையகம் என்பது ஒரு நிரல். கேட்பவர் வருவாரென்று ஓயாமல் காத்திருந்து, கேட்டதை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. கேட்கும் நிரலும் கொடுக்கும் நிரலும் ஒரே கணினியில் இருந்தால் அதனை உள்ளகச் சேவையகம் எனலாம். 127.0.0.1 என்னும் முகவரி, கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி ஆகும்.

ஒரு முகவரியில் பல சேவையகங்கள் இயங்கலாம். எனவே ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாயிலை எடுத்துக்கொள்கிறது. போர்ட் எனப்படும் இவ்வாயில்களுக்கு 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. மைஎஸ்கியூஎல் வழக்கமாகக் காத்திருக்கும் வாயில் 3306. ஒரு வாயிலில் ஒரு நேரத்தில் ஒரு சேவையகமே காத்திருக்க இயலும். இச்சிறு விதி நம் காட்சியில் பின்னர் பயன்படும்.

மாணவி எழுதிய கணக்குப் பக்கத்தைத் திறந்தால், சேவையகத்துடன் இணைய இயலவில்லை என்ற அறிவிப்பு வருகிறது. 2002 அல்லது 2003 என்ற எண் அதனுடன் இருக்கும். பலர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு விடை தேடுகின்றனர். ஆனால் இவை கேட்கும் நிரல் தரும் அறிவிப்புகள். கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை என்பதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. வீட்டில் உள்ளவர் உறங்குகிறாரா, நோயுற்றாரா, வீடு மாறிவிட்டாரா என்பதைக் கதவைத் தட்டியவரிடம் கேட்டுப் பயனில்லை.

கட்டுப்பாட்டுப் பலகையின் அறிவிப்பும் அவ்வளவாக உதவுவதில்லை. பள்ளிகளில் பயன்படும் எக்ஸாம்ப் தொகுப்பின் பலகை, மைஎஸ்கியூஎல் எதிர்பாராத வகையில் நின்றுவிட்டது என்று கூறி, வாயில் அடைபட்டிருக்கலாம், தேவையான கோப்புகள் இல்லாதிருக்கலாம், அனுமதி போதாதிருக்கலாம், நிரல் முறிந்திருக்கலாம், வேறு வகையில் நிறுத்தப்பட்டிருக்கலாம் என்று காரணங்களை அடுக்குகிறது. காய்ச்சல் என்று வந்தவரிடம் காய்ச்சல் உண்டாக்கும் நோய்களின் பட்டியலைப் படித்துக் காட்டுவதைப் போன்றது இது. பட்டியல் சரியானதுதான், நோயறிதல் இன்னும் தொடங்கவில்லை.

பிழைப்பதிவேடு

சேவையகம் தன் பாட்டைத் தானே எழுதிவைக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதுவே பிழைப்பதிவேடு. எக்ஸாம்ப் தொகுப்பில் மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள் இருக்கும் டேட்டா கோப்புறையில் அது உள்ளது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் பதிவேடுகளுக்கென்றே உள்ள கோப்புறையில் கிடைக்கும். சாதாரண உரைக்கோப்பு என்பதால் நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். நாளும் நேரமும் குறித்து, ஒவ்வொரு வரியையும் குறிப்பு, எச்சரிக்கை, பிழை என்று மூன்றாகத் தரம்பிரித்து எழுதியிருக்கும். மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப் போன்றது அது. தொடக்கப் பொத்தானைப் பத்து முறை அழுத்துபவர்கள் அந்த அட்டையை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

படிக்கும்போது ஒரு முறை உண்டு. கோப்பின் அடிக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து மேல்நோக்கி வந்து, கடைசி முயற்சி தொடங்கிய நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அங்கிருந்து கீழ்நோக்கிப் படித்து, பிழை என்று தரம்பிரிக்கப்பட்ட முதல் வரியில் நிற்க வேண்டும். கைவிடுகிறேன் என்ற பொருளில் அமைந்த கடைசி வரி விளைவை மட்டுமே சொல்லும். காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். சங்கிலிப் பேருந்து விபத்தில் கடைசியாக மோதிய வண்டியை மட்டும் விசாரித்து என்ன பயன்?

சேவையகம் எழும் வரிசையை அறிந்திருந்தால் பதிவேடு எளிதில் விளங்கும். அது முதலில் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. பின்பு தரவுகள் உள்ள கோப்புறையைத் தேடிச் செல்கிறது. அங்குள்ள கோப்புகளைத் திறந்து, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கிறது. இவை முடிந்த பிறகே 3306ஆம் வாயிலுக்கு வந்து, இணைப்புகளை ஏற்கத் தயார் என்று எழுதுகிறது. எந்தப் படியில் நின்றது என்பதே பாதி விடை.

முதற்படியில் நின்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழைதான். அமைப்புக் கோப்பில் தெரியாத சொல் ஒன்று இருந்தாலும் சேவையகம் அதனைக் குறிப்பிட்டு நின்றுவிடும். இரண்டாம் படியில் அனுமதிச் சிக்கல் வரலாம். தரவுக் கோப்புறையை வேறொரு பயனர் பெயரில் நகலெடுத்து வைத்தவர்களுக்கு இது நேரும்; லினக்ஸில் 13 என்ற எண் தோன்றினால் அனுமதி இல்லை என்று பொருள். 28 என்றால் வன்தட்டில் இடமில்லை. திரைப்படங்களை நீக்கி இடம் உண்டாக்கலாம். தரவுக் கோப்புறைக்குள் இருந்து எதையும் நீக்கி இடம் உண்டாக்கக் கூடாது. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த தரவைப் பழைய பதிப்பில் திறக்க முயன்றாலும் அது மறுக்கும். மறுப்பதே நல்லது.

மூன்றாம் படியான சரிபார்ப்புத்தான் மின்தடைக்குப் பின் எல்லோரையும் அச்சுறுத்துவது. அதனைப் புரிந்துகொள்ளக் கணக்கு எழுதும் முறைக்குச் சற்றே செல்ல வேண்டும்.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் பயிலும் மாணவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் பழக்கமானவை. நடவடிக்கை நடந்தவுடன் நாள்வரிசையில் குறிப்பேட்டில் பதிகிறோம். பின்னர் அதனைப் பேரேட்டில் உரிய கணக்குக்கு எடுத்தெழுதுகிறோம். பேரேட்டின் ஒரு தாள் கிழிந்துபோனாலும் குறிப்பேடு இருந்தால் அத்தாளை மீண்டும் எழுதிவிடலாம்.

தரவுத்தளமும் இவ்வாறே செய்கிறது. தரவுக் கோப்பு பேரேடு. அதில் எந்த மாற்றத்தையும் நேரடியாக எழுதிவிடுவதில்லை. இன்னதை இவ்வாறு மாற்றப் போகிறேன் என்று முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது வன்தட்டில் பதிந்த பின்னரே தரவுக் கோப்பைத் தொடுகிறது. முன்னெழுத்து முறை என்று இதனைச் சொல்லலாம். இக்குறிப்பேட்டையும் கணினியியலார் 'லாக்' என்றே அழைக்கின்றனர். மேலே கண்ட பிழைப்பதிவேடு மனிதர் படிப்பதற்கு எழுதப்பட்டது. இதுவோ சேவையகம் தானே படிப்பதற்குத் தனக்கு எழுதிக்கொண்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, பழைய பதிவேடுதானே என்று இரண்டாவதை அழித்தவர்கள் உண்டு.

இன்னொரு கருத்தும் இங்கே தேவை. அம்மையாரின் வாரக் கூலி 3,000 ரூபாய் என்றும், அதில் முன்பணத்திற்காகக் கழிப்பது 500 ரூபாய் என்றும், நிலுவை 20,000 ரூபாய் என்றும் கொள்வோம். இரண்டு எழுத்துகள் எழுத வேண்டும். கூலி 2,500 என்று ஒன்று. நிலுவை 19,500 என்று மற்றொன்று. முதலாவதை எழுதி இரண்டாவதை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் கூலியிலும் 500 குறையும், கடனும் குறையாது. எனவே இரண்டும் நிகழ வேண்டும், அல்லது இரண்டுமே நிகழாதிருக்க வேண்டும். இவ்வாறு பிரிக்க முடியாதபடி பிணைத்த செயல்களைப் பரிமாற்றம் என்கிறோம். இவை இரண்டும் ஒரு பரிமாற்றம் என்று நிரல் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். சேவையகம் தானாக ஊகித்துக்கொள்ளாது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனிப் பரிமாற்றமாகவே அது கொள்ளும். நம் மாணவி சொல்லியிருந்தாள்.

குறிப்பேட்டைக்கொண்டு முறிந்துபோன தரவுத்தளத்தை மீட்பது எப்படி என்பதைத் தெளிவான முறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். 1955ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தது வேதிப்பொறியியல். அங்கே நிறுவப்பட்டிருந்த ஐபிஎம் 370 கணினி அவரைக் கணினியியல்பால் ஈர்த்தது. 1977இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற அவர், 1981இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர்க் கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் கருத்தை 1970இல் எட்கர் காட் வெளியிட்டதும் அதே நிறுவனத்தில் இருந்துதான். மோகனும் உடன் பணியாற்றிய நால்வரும் எழுதிய ஏரிஸ் என்னும் மீட்புமுறை பற்றிய கட்டுரை 1992இல் வெளிவந்தது. ஐபிஎம்மின் டிபி2 உட்படப் பல தரவுத்தளங்களில் அம்முறை இடம்பெற்றது. 1996இல் காட் பெயரால் வழங்கப்படும் விருதும் மோகனுக்குக் கிடைத்தது.

ஏரிஸ் முறையில் மீட்பு மூன்று நடைகளாக நிகழ்கிறது. முதல் நடையில் குறிப்பேட்டைப் படித்து, முறிவு நேர்ந்தபோது எவையெவை பாதியில் இருந்தன என்று கண்டறிகிறது. இரண்டாம் நடையில், நடந்தவை அனைத்தையும் நடந்தவாறே மீண்டும் செய்கிறது. முடிந்தவை, முடியாதவை என்ற வேறுபாடே இங்கு இல்லை. மின்சாரம் போன அந்த நொடியில் இருந்த நிலைக்கே தரவுத்தளம் திரும்புகிறது. மூன்றாம் நடையில்தான் முடியாத பரிமாற்றங்களைப் பின்வாங்குகிறது. நீக்கப் போவதையும் ஏன் மீண்டும் செய்ய வேண்டும் என்று கேட்கத் தோன்றும். வரலாற்றை முழுமையாக ஒருமுறை நிகழ்த்திவிட்டால், அதன்பின் பின்வாங்குவது எப்போதும் செய்யும் இயல்பான வேலையாகிவிடுகிறது. முறிவுக்கென்று தனி விதிகள் தேவைப்படுவதில்லை. தறிக்காரர் துணியைப் பின்னுக்குத் திருப்பி அறுந்த வரிக்கு வருவதும் இதனை ஒத்ததே.

அதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. பின்வாங்கும் செயலையும் அது குறிப்பேட்டில் எழுதிவைக்கிறது. ஆகவே மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மின்சாரம் போனால்கூட, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எத்தனை முறை போனாலும் தொடரலாம்.

மைஎஸ்கியூஎல்லின் உள்ளே தரவைக் காப்பது இன்னோடிபி என்னும் பொறி. பின்லாந்தைச் சேர்ந்த ஹெய்க்கி டூரி உருவாக்கியது. அதன் உள்ளமைப்பு ஏரிஸிலிருந்து சில இடங்களில் வேறுபடினும், முன்னெழுத்து, மீண்டும் செய்தல், பின்வாங்குதல் என்னும் அடிப்படைகள் அதிலும் உள்ளன. தரவை அது 16 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக எழுதுகிறது. பாதிப் பக்கம் எழுதியபோது மின்சாரம் போனால் கிழிந்த பக்கம் மிஞ்சும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தனியிடத்தில் எழுதிவிட்டு, பின் உரிய இடத்தில் மறுமுறை எழுதுகிறது. ஓர் எச்சரிக்கை: மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி இயல்பான பொறியானது 2010இல் வந்த 5.5ஆம் பதிப்பில்தான். அதற்கு முன்னிருந்த மைஐசாம் பொறியில் பரிமாற்றம் என்பதே இல்லை. பழைய நிரல்களில் அது இன்னும் இருக்கக்கூடும்.

ஆகவே மின்தடைக்குப் பின் சேவையகம் எழச் சற்று நேரம் எடுத்துக்கொண்டால், அது மீட்புப் பணியில் இருக்கலாம். பதிவேட்டில் மீட்பு தொடங்கியது என்ற வரி இருந்து, வன்தட்டும் உழைத்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து கணினியை அணைப்பவர் அறுவை நடக்கும் அறையின் விளக்கை அணைக்கிறார்.

தெரிந்து தெளிவோம்

மைஎஸ்கியூஎல் 1995இல் தோன்றியது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், தம் மகள் 'மை' பெயரை அதற்கு இட்டார். 2008இல் சன் நிறுவனமும், 2010இல் சன்னையே வாங்கிய ஆரக்கிள் நிறுவனமும் அதற்கு உரிமை பெற்றன. கட்டற்ற வடிவம் தொடர வேண்டும் என்பதற்காக விடேனியஸ் 2009இல் கிளைபிரித்த தரவுத்தளத்திற்கு இளைய மகள் மரியாவின் பெயர் அமைந்தது. 2015 முதல் எக்ஸாம்ப் தொகுப்பில் வருவது அந்த மரியாடிபி. பலகையில் மட்டும் பழைய பெயரே நிற்கிறது.

தொடும் முன்

எதையும் மாற்றுவதற்கு முன், சேவையகம் நின்றிருக்கும் நிலையில், டேட்டா கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். முடிந்தால் வேறொரு வட்டில். இது ஒன்றைச் செய்துவிட்டால், பிறகு செய்யும் எந்தத் தவற்றிலிருந்தும் மீளலாம். பழுதுபார்ப்பில் இதனைவிட மதிப்புள்ள ஐந்து நிமிடங்கள் இல்லை.

அக்கோப்புறையில் ஐபிடேட்டா1 என்றொரு கோப்பு இருக்கும். எந்த அட்டவணை எங்கே உள்ளது என்ற உள்விவரம் அதில் உள்ளது. அதனையும் குறிப்பேட்டுக் கோப்புகளையும் அழித்தால் சேவையகம் புதிதாக உண்டாக்கிக்கொண்டு மகிழ்ச்சியாக எழும். அட்டவணைகளின் பெயர்கள்கூடப் பட்டியலில் தெரியும். திறந்தால், அப்படி ஓர் அட்டவணை பொறியில் இல்லை என்று 1932ஆம் எண் பிழை வரும். பெயர்ப்பலகை இருக்கும், வீடு இருக்காது.

எக்ஸாம்ப் தொகுப்பில் 'பேக்கப்' என்ற பெயரில் ஒரு கோப்புறை உள்ளது. பெயரைக் கண்டு ஏமாந்தவர் பலர். அது நம் தரவின் காப்புநகல் அன்று. தொகுப்பை நிறுவிய நாளில் இருந்த வெறுங்கோப்புகளின் நகல். அதனை எடுத்து டேட்டா கோப்புறைமேல் போட்டால், நம் ஐபிடேட்டா1 இருந்த இடத்தில் நிறுவிய நாளின் வெற்றுக் கோப்பு அமர்ந்துவிடும்.

அப்படியானால் எதையுமே நீக்கக் கூடாதா என்றால், அவ்வாறும் இல்லை. மரியாடிபியில் ஏரியா என்ற மற்றொரு பொறியும் உண்டு. அதன் மீட்பு தோற்றால், ஏரியா அட்டவணைகளைச் செப்பனிட்டு, ஏரியாவின் குறிப்பேட்டுக் கோப்புகளை நீக்குமாறு பிழைப்பதிவேடே கூறும். அப்போது நகலெடுத்துவிட்டு, சொன்னதை மட்டும், சொன்ன பெயருள்ள கோப்புகளில் மட்டும் செய்யலாம். பதிவேடு சொன்னது வேறு. யாரோ எதற்கோ சொன்னது வேறு.

கோப்புகள் உண்மையிலேயே சிதைந்திருந்தால், இன்னோடிபியை வலிந்து எழுப்ப 1 முதல் 6 வரை படிநிலைகள் கொண்ட அமைப்பு ஒன்று உண்டு. 1இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். 4இலிருந்து மேலே சென்றால் தரவு நிலையாகச் சிதையக்கூடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எழுப்பியபின் தரவை வெளியே எடுத்துக்கொள்வதற்கு மட்டுமே அந்நிலை. அதில் வைத்துக்கொண்டு கூலிக்கணக்கு எழுதத் தொடங்கிவிடக் கூடாது.

அன்று நடந்தது

நம் மாணவி அலைபேசியை வைத்துவிட்டு, டேட்டா கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தாள். பின் பிழைப்பதிவேட்டைத் திறந்து அடியிலிருந்து மேலே வந்தாள். மின்சாரம் வந்த பிறகு செய்த முதல் முயற்சியின் நேரத்தைக் கண்டாள். அமைப்புக் கோப்பைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. முறிவு மீட்பு தொடங்கியது என்று ஒரு வரி. முடியாத பரிமாற்றம் ஒன்று பின்வாங்கப்பட்டது என்று இன்னொரு வரி. இரண்டும் குறிப்பு என்ற தரத்திலேயே இருந்தன. முதல் பிழைவரி அதற்குக் கீழே இருந்தது. வாயிலைப் பற்ற இயலவில்லை என்றும், 10048 என்ற எண்ணும், 3306ஆம் வாயிலில் வேறொரு சேவையகம் ஏற்கெனவே இயங்குகிறதா என்ற கேள்வியும் அங்கே இருந்தன.

பிழைச்செய்திகள் கேள்வி கேட்பது அரிது. கேட்டால் விடை சொல்வது நல்லது. எந்த வாயிலை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை இட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே இன்னொரு சேவையகம் இருந்தது. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்த அண்ணன், கல்லூரிப் பயிற்சிக்காக மைஎஸ்கியூஎல்லைத் தனியாக நிறுவியிருந்தான். பயிற்சி முடிந்ததும் அதனை நிறுத்தியும்விட்டான். ஆனால் கணினி எழும்போதெல்லாம் தானும் எழும்படி அது அமைந்திருந்தது. அதன்பின் வீட்டில் யாரும் கணினியை அணைத்துத் தொடங்கவே இல்லை; மூடிவைத்து உறங்கவிடுவதே வழக்கம். மின்தடைதான் அதனை முதன்முறை எழுப்பியது. கணினி எழுந்தவுடன் அது ஓடிச்சென்று 3306இல் அமர்ந்துகொண்டது.

விண்டோசின் சேவைகள் பட்டியலுக்குச் சென்று, அந்தச் சேவையை நிறுத்தி, தானே எழும் அமைப்பையும் மாற்றினாள். தொடக்கப் பொத்தானை அழுத்தினாள். இம்முறை பச்சை நிலைத்தது.

அம்மையாரின் பக்கத்தைத் திறந்தபோது அவ்வாரக் கூலி எழுதப்படவே இல்லை. நிலுவை 20,000 என்றே இருந்தது. பாதியில் நின்ற பரிமாற்றம் முழுவதும் பின்வாங்கப்பட்டிருந்தது. அவரை அருகில் அழைத்து அமரவைத்து, திரையைக் காட்டி, கூலி 2,500 என்றும் நிலுவை 19,500 என்றும் அவர் கண்முன்னே மறுபடி எழுதினாள். "போன வாரம் இருவதுன்னு சொன்னே, சரியாத்தான் இருக்குது" என்று அவர் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்தவர் உள்ளே வந்தார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன் ஒரு தரவுத்தளச் சேவையகத்தின் பிழைப்பதிவேட்டைத் திறந்து, அது எழுந்த வரிசையை நேரக்குறிப்புகளுடன் உங்கள் சொற்களில் எழுதுக.

2. உங்கள் ஊரில் கணக்கு எழுதும் ஒருவரிடம் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டிற்கு எடுத்தெழுதும் முறையைக் கேட்டறிந்து, தரவுத்தளத்தின் முன்னெழுத்து முறையுடன் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

3. கூலியும் நிலுவையும் தனித்தனிப் பரிமாற்றங்களாக எழுதப்பட்டிருந்தால், இப்பாடத்தின் இறுதிக் காட்சி எவ்வாறு மாறியிருக்கும்? அக்காட்சியை ஒரு பக்க அளவில் எழுதுக.